இரண்டு நீலம்

இருபத்திரண்டு வருடம் வங்கிக் கூண்டில்
பணம் எண்ணிய விரல்கள் இவை.
கட்டைப் பிரிக்கும் முன்பே சொல்லும்
ஒரு தாள் குறைகிறதென்று.
ஹனோயில் இறங்கிய அன்றே
அவற்றுக்கு எழுத்தறிவு போய்விட்டது.

விமான நிலையத்து இயந்திரம்
முப்பது லட்சம் தந்தது.
கையில் முப்பது லட்சம்,
காலில் ரப்பர் செருப்பு.
தருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டது, பணிவாக:
உங்கள் ரூபாயிலேயே கணக்கு முடிக்கட்டுமா?
அந்நிய ஊரில் நம் ரூபாயின் பெயர்
சம்பந்தி குரல் மாதிரி காதில் விழுந்தது.
பச்சைப் பொத்தானை
யோசிக்காமல் அழுத்தினேன்.

ஹாங் பாக் தெருவில்
காவடி போல் தோளில் தராசுக் கூடைகளோடு
அன்னாசி விற்றுக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
பழத்தின் கண்களை மட்டும்
திருகுபடி போலச் சீவி எடுக்கிறாள்,
ஒரு சொட்டு சாறு வீணாகாமல்.
ஐந்து விரல் காட்டினாள். ஐம்பது.
ஐம்பதாயிரம் என்று பொருள்.
ஆயிரத்தை இங்கே யாரும் உச்சரிப்பதில்லை,
இனிஷியலை விட்டுவிட்டுப்
பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி.

நான் மூன்று விரல் காட்டினேன்.
அவள் கத்தியைத் துடைத்தாள்.
நடந்து போவதுபோல் நடந்தேன்.
கூப்பிடவில்லை.
நானே திரும்பி வந்தேன்.
ஸ்கூட்டர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.
கடைசியில் நான்கு விரலில் நின்றது வழக்கு.
வென்றது பத்தாயிரம்,
நம் கணக்கில் முப்பத்துமூன்று ரூபாய்.
நெஞ்சு ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

இரண்டு நீலத் தாளை நீட்டினேன்.
ஒன்றை மடித்து இடுப்புப் பையில் வைத்தாள்.
மற்றதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்,
என் முகத்தையும் பார்த்தாள்,
என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து
விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.
ஐந்து லட்சம்.
இருபதாயிரமும் நீலம், இதுவும் நீலம்.
பிறகு என் பர்ஸுக்குள் தானே எட்டிப் பார்த்து
சரியான நீலத்தை உருவிக்கொண்டாள்.
வாயில் ஒரு சொல் இல்லை.
காசாளரின் விரல்கள்
அப்படி யாராலும் மடக்கப்பட்டதில்லை.

விடுதியில் துயெட்டிடம் சொன்னேன்.
சாவிக்கொத்தை மேசையில் போட்டுவிட்டுச் சிரித்தாள்.
அன்னாசிக்கு நாற்பதா? பதினைந்து கூட அதிகம்!
ஐந்து லட்சத்தைத் திருப்பித் தந்தாளே என்றேன்.
அதற்கென்ன, என்றாள்,
விலை சொல்வது வியாபாரம். அது வேறு.
எது வேறு, எங்கே வேறு என்று
கேட்கும் முன் போன் வந்துவிட்டது அவளுக்கு.

இரவு என் போனும் ஒலித்தது,
வங்கியிலிருந்து. என் வங்கியிலிருந்துதான்.
அந்த முப்பது லட்சத்துக்கு
சந்தை விலையைவிட எண்ணூற்றி நாற்பது ரூபாய்
கூடப் போயிருந்தது.
பச்சைப் பொத்தானின் கூலி.
டிஷ்யூ தாளில் வகுத்துப் பார்த்தேன்:
இருபத்தைந்து தடவை
அந்த அம்மாளிடம் தோற்றிருக்கலாம்.
கடுகு சிந்திய இடத்தில்
விளக்கு வைத்துத் தேடியிருக்கிறேன்.
பூசணி, உருண்ட சத்தமே இல்லாமல் போயிருக்கிறது.
அந்த இயந்திரத்திடம்
நான் ஒரு விரல்கூட மடக்கிக் காட்டவில்லை.
நடந்து போவதுபோல் நடக்கவும் இல்லை.

காலையில் ஏரிக்கரை இயந்திரத்தில்
அதே கேள்வி, அதே பணிவு.
வேண்டாம், உள்ளூர்க் கணக்கிலேயே இரு என்று
தமிழில் சத்தமாகச் சொல்லி அழுத்தினேன்.
பின்னால் நின்ற கிழவர் ஓரடி விலகினார்.

ஹாங் பாக் திரும்பினேன்,
இன்று பேரமில்லை, ஐம்பதே தருவோம் என்று
ஒரு பெருந்தன்மையோடு.
என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.
முகமெல்லாம் சிரிப்பு.
கூடையை இறக்கினாள்,
ஒரு கையை முழுசாய் விரித்து
மறு கையிலிருந்து இன்னொரு விரலையும்
சேர்த்துக் காட்டினாள்.